எந்த டிரிப்பர் நல்லது?

“எந்த டிரிப்பர் நல்லது, மாமா?” என்று அக்கா மகன் கேட்டான். கைபேசியில் மூன்று பெயர்களைக் காட்டினான்: டெட் ராபிட், டிராப், வாஸ்ப் நானோ. சிகரெட்டை விடுவதற்காக வேப்புக்கு மாறலாம் என்பது அவன் யோசனை. இயற்பியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவனிடம் கேட்டால் பெயரைச் சொல்லிவிட்டுப் போக மாட்டான் என்பது தெரிந்தும் கேட்டான். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

சீன மருந்தாளர் ஹோன் லிக் 2003இல் உருவாக்கிய இ-சிகரெட்தான் இன்றைய வேப் சாதனங்களுக்கெல்லாம் முன்னோடி. புகையிலையை எரிக்காமல், நிக்கோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கி இழுப்பது அதன் சாரம். ஆவி என்று சொன்னாலும் வாய்க்குள் போவது முழுக்க ஆவி அல்ல. சூடான கம்பியை விட்டு நகர்ந்ததும் காற்றில் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகத் திரண்ட மூடுபனி அது. கடையில் வாங்கும் சாதாரண சாதனத்தில் திரவம், பஞ்சு, கம்பி எல்லாம் ஒரு மூடிய குப்பிக்குள் இருக்கும். டிரிப்பர் அப்படியல்ல. 22 முதல் 24 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு உலோகக் கிண்ணம், அதற்கு ஒரு மூடி, மூடியில் காற்றுத் துளைகள், கிண்ணத்தின் நடுவே கம்பியை முடுக்கத் திருகுகள். அவ்வளவுதான். கம்பியைச் சுற்றிக் காயில் செய்வது, காயிலுக்குள் பஞ்சைச் செருகுவது, மேலிருந்து ஜூஸ் எனப்படும் அந்தத் திரவத்தை நாலைந்து சொட்டு விடுவது எல்லாம் இழுப்பவர் வேலை. தீர்ந்ததும் மறுபடி சொட்ட வேண்டும்.

இதில் வெப்பமானியும் இல்லை, அளவுகோலும் இல்லை. எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதை நாக்கும் கையும்தான் சொல்ல வேண்டும். டிரிப்பர் பிரியர்கள் சுவையைப் பற்றியும் ஆவி மேகத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். அந்த விவாதம் முழுவதும் அடிப்படையில் வெப்பநிலை பற்றியதுதான் என்பது என் கருத்து.

கம்பியிலிருந்து தொடங்குவோம். செம்புக் கம்பி இதற்கு உதவாது. மின்சாரம் அதன் வழியே சுலபமாக ஓடிவிடும், தேவையான தடை கிடைக்காது. அமெரிக்கர் ஆல்பர்ட் மார்ஷ் 1905 வாக்கில் கண்டுபிடித்த நிக்ரோம், ஸ்வீடனில் ஹான்ஸ் வான் கான்ட்சோ உருவாக்கிய காந்தல் ஆகிய இரண்டும்தான் அதிகம் புழங்குகின்றன. நிக்ரோமில் நிக்கலும் குரோமியமும். காந்தலில் இரும்பு, குரோமியம், கொஞ்சம் அலுமினியம். காந்தலின் மின்தடை செம்பைப் போல எண்பது மடங்குக்கும் மேல். சூடானதும் அதன் மேற்பரப்பில் அலுமினிய ஆக்சைடு ஒரு மெல்லிய தோலாகப் படிந்து உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். இஸ்திரிப் பெட்டியிலும் மின்சார அடுப்பிலும் ஆண்டுக்கணக்காக உழைக்கிற கம்பிகளின் உறவுதான் இவை.

ஜெர்மனியின் ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் எழுதிவைத்த விதி இங்கே அப்படியே வேலை செய்கிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய ஒரு லித்தியம் மின்கலம் 4.2 வோல்ட் தரும். காயிலின் தடை 0.5 ஓம் என்றால் ஓடும் மின்சாரம் 8.4 ஆம்பியர், வெளிப்படும் திறன் 35 வாட். அதேபோல இன்னொரு காயிலை இணையாக மாட்டினால் மொத்தத் தடை 0.25 ஓம் ஆகிவிடும். மின்சாரம் 16.8 ஆம்பியர், திறன் 70 வாட்டைத் தாண்டும். விரல் நகத்தளவு இடத்தில் 70 வாட். பழைய குண்டு பல்பு 60 வாட்டுதான், அதையே தொட முடியாது.

இத்தனை வெப்பமும் எங்கே போகிறது? பஞ்சு நனைந்திருக்கும்வரை திரவம் கொதிப்பதிலேயே பெரும்பகுதி செலவாகிவிடும். திரவத்தின் அடிப்படைப் பொருள்கள் இரண்டு. புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், கிளிசரின் 290இல். இரண்டும் கலந்த கலவை இவற்றுக்கு நடுவே எங்கோ கொதிக்கத் தொடங்கும். திரவம் இருக்கும்வரை கம்பியின் சூடு அந்த எல்லையை அதிகம் தாண்டாது. திரவம் வற்றிய இடத்தில் கம்பிக்குத் தடுப்பு எதுவும் இல்லை, நொடியில் சிவந்துவிடும்.

ஆகவே முழுப் பாரமும் பஞ்சின் மேல் விழுகிறது. பஞ்சு நுண்துளை ஈர்ப்பால் திரவத்தை உறிஞ்சிக் கம்பிக்குக் கொண்டுவர வேண்டும். புரோப்பிலீன் கிளைக்கால் ஓரளவு ஓடும். கிளிசரினோ அறை வெப்பத்தில் நீரைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பிசுபிசுப்பானது. அடர்த்தியான மேகம் வேண்டும் என்பவர்கள் கிளிசரின் அதிகமுள்ள ஜூஸைத்தான் வாங்குவார்கள். மேகம் தருகிற அதே பொருள்தான் பஞ்சில் மெதுவாக ஏறுகிறது. பஞ்சை இறுக்கமாக அடைத்தால் வழி அடைபடும், தளர்வாக விட்டால் கம்பியைத் தொடாது. இரண்டு காயில் போட்டால் திரவம் இரண்டு மடங்கு வேகத்தில் தீரும். கிண்ணத்தின் கொள்ளளவு பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு முன்பின். நாலைந்து பெரிய இழுப்பில் வறண்டுவிடும்.

வறண்டால் நடப்பது என்ன என்பதற்கு அனுமந்தைப் பக்கத்து உப்பளங்களை நினைத்துக்கொள்வது உதவும். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் அனுமந்தையைத் தாண்டி மரக்காணம் நோக்கிப் போகிறவர்களுக்குப் பாத்தி பாத்தியாக விரிந்த அந்த வெள்ளை நிலம் தெரிந்ததுதான். அங்கே ஆவியாக்குவது வெயில். ஆனால் வெயிலில் போட்டுவிட்டுப் போனால் உப்பு கிடைத்துவிடாது. நீரின் செறிவை ஒரு மிதவைக் கருவியால் அளந்துகொண்டே இருக்க வேண்டும். போமே அளவில் கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி. செறிவு ஏற ஏற முதலில் சுண்ணாம்பு படியும், அப்புறம் ஜிப்சம். ஏறத்தாழ 25 டிகிரியில்தான் சோற்றுப்பு படிகமாகும். 29, 30 டிகிரிக்கு வந்ததும் மிச்சமிருக்கும் நீரை வெளியே விட்டுவிட வேண்டும். விடாமல் காயவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து இறங்கிவிடும். உப்பு கசக்கும், ஈரம் இழுத்து நீர்விடும். வெயில் அதேதான், பாத்தியும் அதேதான், நீரும் அதேதான். எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதுதான் கையில் வருவது உப்பா கசப்பா என்று முடிவு செய்கிறது.

காயிலிலும் ஒரு எல்லை உண்டு. அதற்குள் நிறுத்தினால் கிளிசரினும் கிளைக்காலும் பெரும்பாலும் தம் உருவிலேயே ஆவியாகிக் குளிரும். அதைத் தாண்டினால் மூலக்கூறுகள் உடையும். கிளிசரின் நீரை இழந்து அக்ரோலினாகும். எண்ணெய் புகைந்தால் கண்ணைக் கரிக்கிற அதே பொருள். புரோப்பிலீன் கிளைக்காலிலிருந்து அசிட்டால்டிஹைடும் ஃபார்மால்டிஹைடும் வரும். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. உப்பளத்தில் மிதவைக் கருவி உண்டு, டிரிப்பரில் அது கிடையாது.

இந்த ஃபார்மால்டிஹைடு விவகாரம் ஒரு பெரிய சண்டையாக நடந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். 3.3 வோல்ட்டில் இயக்கியபோது ஃபார்மால்டிஹைடு வெளியிடும் சேர்மங்கள் தென்படவில்லை, 5 வோல்ட்டில் தென்பட்டன என்பது அவர்கள் முடிவு. கிரேக்க இதயநோய் மருத்துவர் கான்ஸ்டான்டினோஸ் ஃபார்சலினோஸ் இதை ஏற்கவில்லை. அந்த அளவு சூட்டில் பஞ்சு வறண்டு கருகல் சுவை வந்துவிடும், தொண்டை எரியும், எந்த மனிதரும் அப்படி இழுக்க மாட்டார் என்று அதே ஆண்டு சோதனை செய்து காட்டினார். நியாயமான மறுப்புதான். மனிதர் இழுக்காத இழுப்பை இயந்திரத்தை வைத்து இழுத்து முடிவு சொல்லக் கூடாது.

ஆனால் டிரிப்பர் விஷயத்தில் அந்த மறுப்பு அவ்வளவு திடமாக நிற்பதில்லை. பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சொஹா தாலிஹும் உடன் ஆய்வாளர்களும் சொட்டி இழுக்கும் முறையையே தனியாக எடுத்துச் சோதித்தார்கள். ஒருமுறை சொட்டியபின் எத்தனை இழுப்பு என்பதை மாற்றி மாற்றி, வெளிவரும் ஆல்டிஹைடுகளை அளந்தார்கள். சொட்டுகளுக்கு இடைப்பட்ட இழுப்புகள் கூடக்கூட ஆவியின் மொத்த அளவு குறைந்தது, ஆல்டிஹைடின் அளவோ கூடியது. மேகம் மெலிந்துகொண்டே வரும்போது விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ‘இன்னும் ஒரு இழுப்பு வரும்’ என்று கடைசிச் சொட்டையும் உறிஞ்சுகிற சிக்கன புத்தி இங்கே ஆபத்து. கருகல் சுவை வந்த பிறகு நிறுத்துகிறோம் என்றால், வருவதற்குச் சற்று முன்பு இழுத்ததற்குக் கணக்கு எங்கே? அதுவும் இனிப்பும் வாசனையும் தூக்கலாக உள்ள ஜூஸ் என்றால் நாக்கின் எச்சரிக்கையை எவ்வளவு நம்புவது?

இப்போது அக்கா மகனின் மூன்று கிண்ணங்களுக்கு வரலாம். டிராப்பும் டெட் ராபிட்டும் இரட்டைக் காயிலுக்காகச் செய்யப்பட்டவை. டிராப்பில் கம்பியைப் பிடிக்கும் தூண்களே இல்லை. கம்பியின் கால்கள் நேராகத் துளைக்குள் இறங்கும். அதனால் கீழே ஜூஸ் தேங்க ஆழமான இடம் கிடைக்கிறது. டெட் ராபிட்டில் காற்று பக்கவாட்டிலிருந்து சரிந்து காயில்மேல் இறங்கும். காற்றுவழி மேலே இருப்பதால் ஜூஸ் ஒழுகுவது குறைவு. வாஸ்ப் நானோ ஒற்றைக் காயிலுக்கு ஏற்ற சின்ன அறை. காற்று குறைவு, மேகம் குறைவு, திறனும் குறைவாகவே போதும். இயற்பியலை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஒற்றைக் காயிலைத்தான் சொல்வேன். வெப்பம் குறைவு, பஞ்சுக்குக் கொடுக்கும் வேலையும் குறைவு. ஆழமான கிண்ணமும் நல்லது. கிண்ணத்தின் அடியில் மின்தொடர்புக்காக உள்ள முள்ளில் துளையிட்டு, சாதனத்துக்குள் இருக்கும் மென்மையான குப்பியை அழுத்தி அடியிலிருந்தே ஜூஸ் ஊட்டும் அமைப்பும் உண்டு. ஸ்குவாங்க் என்பார்கள். பஞ்சு வறளாமல் காப்பதில் அது மேலிருந்து சொட்டுவதைவிட மேல். மினுக்கும் உலோகம், செதுக்கிய மூடி, தங்க முலாம் பூசிய முள் இவற்றுக்குக் கொடுக்கும் பணத்துக்கு ஆல்டிஹைடு ஒரு மைக்ரோகிராம்கூடக் குறையாது.

டிரிப்பரின் அடியில் 510 என்ற அளவுத் திருகு இருக்கும். நடுவில் ஒரு முள். மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத, வெறும் குழாயும் மின்கலமும் பொத்தானும் மட்டுமே உள்ள மெக்கானிக்கல் மாட் மேல் இதை மாட்டுவது பலருக்கு ஒரு வீரம். சில குழாய்களில் டிரிப்பரின் முள் நேரடியாக மின்கலத்தின் நேர்முனையைத் தொடும். முள் திருகைவிடச் சற்று நீண்டிருக்கவில்லை என்றால் திருகே மின்கலத்தில் பட்டு நேர்முனையும் எதிர்முனையும் ஒன்றாகிவிடும். குறுக்குச் சுற்று. லித்தியம் மின்கலம் அந்த நிலையில் வெந்து, வாயு வெளியேற இடமில்லாமல் குழாயோடு வெடிக்கும். அமெரிக்காவில் 2018 மே மாதம் ஃபுளோரிடாவிலும் 2019 ஜனவரியில் டெக்சாஸிலும் வேப் சாதனம் வெடித்து ஒவ்வொருவர் இறந்தார்கள். மற்ற ஆபத்துகளைப் பற்றிக் காலப்போக்கில் தெரியவரும் என்று வாதாடலாம்; இதற்கு ஒரு நொடி போதும். மூன்று கிண்ணங்களில் எதை எடுத்தாலும் தடையை அளந்து, குறுக்குச் சுற்று வந்தால் தானே நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடுள்ள சாதனத்தில்தான் மாட்ட வேண்டும்.

கம்பியும் சும்மா இருப்பதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பால்டிமோர் பகுதியில் 56 பேர் தினமும் பயன்படுத்திய சாதனங்களை வாங்கி அளந்து 2018இல் வெளியிட்டார்கள். குப்பியில் ஊற்றுவதற்கு முன் ஜூஸில் உலோகம் மிகக் குறைவு. காயிலைத் தொட்டு வந்த ஆவியில் குரோமியம், நிக்கல், ஈயம் ஆகியவற்றின் அளவு கூடியிருந்தது. கணிசமான சாதனங்களில் அது பாதுகாப்பு வரம்பையே தாண்டியது. அவை டிரிப்பர்கள் அல்ல, தொட்டி வகை. ஆனால் கம்பி ஒன்றுதான். காயிலைச் சுத்தம் செய்கிறேன் என்று பஞ்சில்லாமல் சிவக்கச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் காட்டுகிற பழக்கம் டிரிப்பர் உலகில் சாதாரணம். அந்த ஆக்சைடுத் தோல் அத்தனை முறை விரிந்து சுருங்கியும் விரிசல் விடாமல் இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

இவ்வளவும் காயில், பஞ்சு, காற்று பற்றி. திரவத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது, அதுவும் மரக்காணம் கரையை வைத்துக்கொண்டு.

2023 மே மாதம் மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பம் மீனவர் கிராமத்தில் விஷச்சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இறந்தவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை 20ஐத் தாண்டியது. அவர்கள் குடித்ததில் இருந்தது மெத்தனால். ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் அந்தத் திரவம் சாராயத்தைப் போலவே இருக்கும், சாராயத்தைப் போலவே மணக்கும். கல்லீரலில் எத்தனாலை உடைக்கிற அதே நொதிதான் மெத்தனாலையும் உடைக்கிறது. எத்தனாலிலிருந்து வருவது அசிட்டால்டிஹைடு. மெத்தனாலிலிருந்து வருவது ஃபார்மால்டிஹைடு. அது உடனே ஃபார்மிக் அமிலமாகி, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியை அடைத்துவிடுகிறது. முதலில் பார்வை நரம்பு போகும், அப்புறம் உயிர். டிரிப்பரிலிருந்து வருகிற ஃபார்மால்டிஹைடோடு இதை அளவில் ஒப்பிட முடியாது. ஒரு மிடறு மெத்தனால் எங்கே, மைக்ரோகிராம் கணக்கு எங்கே. நான் இரண்டையும் பக்கத்தில் வைப்பதற்குக் காரணம் வேறு. புட்டியில் இருப்பது என்ன என்று குடிப்பவருக்குத் தெரிய வழி இல்லை. விற்றவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஜூஸ் விஷயத்திலும் இது நடந்திருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்த இளைஞர்கள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். 2020 பிப்ரவரி 18 வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ பதிவானார்கள். அவர்களில் 68 பேர் இறந்தவர்கள். பெரும்பாலானவர்கள் இழுத்தது கள்ளச் சந்தையில் வாங்கிய கஞ்சாச் சத்துத் திரவம். அதைக் கெட்டியாகக் காட்டக் கலந்திருந்த வைட்டமின் இ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று நோயாளிகளின் நுரையீரல் திரவத்தைப் பரிசோதித்துக் கண்டுபிடித்தார்கள். வைட்டமின் இ தோலில் பூசினால் ஒன்றும் செய்யாது, விழுங்கினாலும் செய்யாது. ‘உணவில் சேர்க்க அனுமதி உள்ள வாசனைதான்’ என்று ஜூஸ் புட்டியில் எழுதியிருப்பதற்கு இந்த இடத்தில் பொருள் இல்லை. வயிற்றுக்குக் கொடுத்த அனுமதி நுரையீரலுக்குச் செல்லாது.

நம் ஊரில் இந்த ஜூஸ் எல்லாமே கள்ளச் சந்தைதான். தமிழ்நாடு 2018இலேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும் டிசம்பரில் முழுச் சட்டமும் கொண்டுவந்தது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தும் குற்றம். முழுச் சாதனம் மட்டுமல்ல, அதன் எந்தப் பாகமும் அடக்கம். கம்பி மாட்டாத வெறும் டிரிப்பர் கிண்ணத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் தப்பிக்க முடியாது. முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்தமாக இழுப்பதைத் தனிக் குற்றமாகச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் இழுப்பதற்கான பொருள் சட்டப்படி கையில் வந்து சேர வழியே இல்லை.

எனக்கு இந்தச் சட்டத்தின்மேல் ஒரு குறை உண்டு. பீடியும் சிகரெட்டும் எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்க, அவற்றைவிடக் குறைவான நச்சு தரக்கூடிய பொருளுக்கு மட்டும் முழுத் தடை என்பது விசித்திரம். பிரிட்டன் வேறு வழியில் போனது. அங்கே பொதுச் சுகாதார அமைப்பு 2015இல், வேப் சிகரெட்டைவிட 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்று மதிப்பிட்டது. அந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று இன்றுவரை விமர்சனம் உண்டு என்றாலும், அரசே புகைப்பவர்களுக்கு வேப் சாதனம் கொடுக்கும் அளவுக்கு அங்கே அது போயிருக்கிறது. ஆனால் பிரிட்டனில் நிக்கோட்டினின் அளவுக்கு வரம்பு உண்டு, ஜூஸில் என்ன இருக்கிறது என்று அரசிடம் அறிவித்த பிறகே விற்க முடியும். அந்தக் கண்காணிப்பு இல்லாமல் பிரிட்டனின் முடிவை மட்டும் இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்வது பாதிக் கணக்கு.

ஆக, மூன்று கிண்ணங்களில் ஒற்றைக் காயில் கிண்ணம் மேல் என்பது இயற்பியலின் பதில். எந்தக் கிண்ணமானாலும் உள்ளே சொட்டப்போகும் திரவம் யார் கலந்தது என்று தெரியாதவரை, அந்தப் பதிலுக்குப் பெரிய மதிப்பு இல்லை. ஆகவே என் சிபாரிசு எந்த டிரிப்பரும் வேண்டாம் என்பதுதான். சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு அளவு தெரிந்த நிக்கோட்டின் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கத்துக்கு மருந்துச் சீட்டு தேவையில்லை. அதையும் தனியாகத் தொடங்காமல் யாரிடமாவது பேசிவிட்டுத் தொடங்கினால் விடுவதற்கான வாய்ப்பு கூடும். பேச வேண்டிய எண்ணைத் தேடி அலைய வேண்டாம். 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படத்தோடு சேர்த்தே அதை அச்சிடுகிறார்கள். 1800-11-2356. கட்டணம் கிடையாது.